ஒண்ணே முக்கால் மூட்டை

போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசையில் என் முறை வந்தது. நர்சுப் பெண் சின்ன வயது. தரையில் கிடந்த எடை மெஷினைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"ஏறி நில்லு ஆயா."

நான் ஏறவில்லை.

"செருப்ப கழட்டிட்டு ஏறு ஆயா. பின்னாடி எவ்ளோ பேரு நிக்கிறாங்க பாரு."

எனக்குப் பின்னால் ஒரு அம்மாவும் பெண்ணும் நின்றார்கள். பெண்ணுக்குப் பதினைந்து வயது இருக்கும். கனத்த உடம்பு. சுடிதார் தோளைக் கவ்விப் பிடித்திருந்தது. துப்பட்டாவைச் சுருட்டி வயிற்றை மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். யாரும் கேட்காமலே அவள் அம்மா நர்சிடம் ஆரம்பித்தாள்.

"வாய அடக்க மாட்டேங்குது சிஸ்டர். கையில போனு, மடியில சிப்ஸ் பாக்கெட்டு. ஸ்கூலுக்கும் போவ மாட்டேங்குது. நாக்க புடுங்கிக்கிற மாதிரி நீங்களாவது நாலு கேளுங்க."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மெஷினை எட்டி உதைத்திருப்பேன். மூட்டு வலி, முடியவில்லை.

நான் எழுதுகிற ஆள் இல்லை. நாலாவதோடு நின்ற படிப்பு. ஆனாலும் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களில் என் வயதுக்காரர்கள் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது. நம் காலத்தில் நடந்ததுதான் இன்னும் நடக்கிறது. அப்போது நமக்குத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்வோம். எனக்குத் தெரிந்தது. அதைத்தான் எழுத வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. ரயிலடி தாண்டிப் போனால் ஒரு பீங்கான் கம்பெனி. அப்பாவுக்கு அங்கே சூளையில் வேலை. அம்மாவுக்குப் பொம்மையில் விளிம்பு சீவுகிற வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் இரண்டு பக்கமும் ஒரு கோடு ஓடும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். அம்மா துடைத்த பொம்மையில் கோடு எங்கே இருந்தது என்று தேடினாலும் தெரியாது. சாயங்காலம் அவள் வரும்போது முழங்கை வரை வெள்ளையாக இருக்கும். அந்த மண்ணுக்கு ஒரு வாசனை உண்டு. புது மழை வாசனை இல்லை. சுண்ணாம்பும் தண்ணீரும் கலந்த மாதிரி, குளிர்ந்த வாசனை. அதுதான் எனக்கு அம்மா வாசனை.

அந்த மாசி மாதம் அம்மாவுக்குப் பிரசவம். ஒத்தாசைக்கு அப்பாவின் அக்கா வந்தாள். பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. அப்பாவும் இன்னொருத்தரும் ஒரு வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். அத்தை அவள் கண்ணைப் பொத்தினாள்.

"பாக்காத. பாத்தா மறக்க மாட்ட."

அவ்வளவுதான். செத்துப் பிறந்த பிள்ளைக்குத் துக்கம் கிடையாது. கருமாதி கிடையாது. யாரும் வந்து கட்டிப் பிடித்து அழவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று அம்மா கேட்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டாம் முறை கேட்டதற்கு அத்தை சொன்னாள்: "அதான் போயிடுச்சுல்ல. இன்னொண்ணு பெத்துக்கலாம். எழுந்து வேலைய பாருடி."

அம்மா எழுந்திருக்கவில்லை. பால் கட்டி மார்பில் துணி இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள்.

பொட்டுக்கடலை, வெல்லம். நேற்றைய சோறு. தெருமுனை டீக்கடையிலிருந்து என்னை வாங்கிவரச் சொல்கிற பன். பசித்துச் சாப்பிடுகிற மாதிரி இருக்காது. வாய் மெல்லும். கண் எங்கேயோ இருக்கும். இடது கை மட்டும் மடியில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். மடியில் ஒன்றும் இருக்காது. மடித்த பழைய சேலை ஒன்று மட்டும் இருக்கும்.

பங்குனி முடிவதற்குள் அம்மா பெருத்துவிட்டாள். ரவிக்கை கையில் ஏறவில்லை. தெருவில் சிரிப்பு. குழாயடியில் ஒருத்தி என்னைக் கேட்டாள்: "ஏ குட்டி, உங்க வூட்ல எந்தக் கடையில அரிசி வாங்குறீங்க? நாங்களும் வாங்குறோம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அத்தை ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்ந்துகொண்டாள். பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அப்பாவிடம் தினமும் ஒரே பேச்சு.

"தம்பி, உன் பொண்டாட்டிக்குத் துக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. துக்கம் இருக்கிறவ எளைச்சிப் போவா. இவ ஊதுறா. ஒக்காந்த எடத்துல சோறு. சோம்பேறித்தனம்."

அப்பா ஒரு கம்பவுண்டரிடம் கேட்டார். அந்த ஆள் அம்மாவைப் பார்க்கக்கூட இல்லை. "ஊளைச்சதை. எல்லாம் தண்ணி. வாயக் கட்டி, வேர்க்க வையி. வடிஞ்சிடும்" என்று சொன்னாராம்.

தண்ணீர் என்ற சொல்லை அப்பா பிடித்துக்கொண்டார். சூளைக்காரர் அல்லவா. பச்சை மண்ணில் தண்ணீர் இருக்கும். சூடு பட்டால் தண்ணீர் போகும். தண்ணீர் போனால் சுருங்கும். சாண் உயரப் பொம்மை சூளையை விட்டு வரும்போது விரல் அளவு குறைந்திருக்கும். அதைத் தினமும் பார்த்த கண்.

"நாளையிலேர்ந்து சூளை வாசல்ல நில்லு" என்றார் அம்மாவிடம். "வெறக எடுத்துக் குடு. ஒரு மணி நேரம். ஆடிக்குள்ள எழுபது கிலோவுக்கு வரணும்."

"இல்லன்னா?" என்று கேட்டது அத்தை. அம்மா இல்லை.

"இல்லன்னா சேத்தியாத்தோப்புக்கு போவட்டும். அண்ணன் வூட்ல ஒக்காந்து தின்னட்டும்."

இப்போது ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். பச்சைப் பொம்மையை யாராவது வெயிலில் வைத்துவிட்டால் அப்பா அடிக்கப் போவார். "அவசரமா காய வெச்சா வெடிச்சிடும்டா, அறிவிருக்குதா?" என்பார். நிழலில் வைத்து, ஈரச் சாக்கு போர்த்தி, மூன்று நாள் விடுவார். ராத்திரி எழுந்து போய்ச் சாக்கை நனைத்துவிட்டு வருவார். மண்ணுக்கு அவ்வளவு பார்க்கத் தெரிந்த மனிதர். பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகாத பெண்ணைக் கொண்டுபோய் சூளை வாசலில் நிறுத்தினார்.

இதை நினைக்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன். ஐம்பது வருடம் ஆகப்போகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் எடை போடுவார்கள். கம்பெனியில் மண் மூட்டை நிறுக்கிற எடைமேடை ஒன்று இருந்தது. இரும்புப் பலகை, மேலே நகர்த்துகிற குண்டு. முதல் சனிக்கிழமை அம்மா அதில் ஏறினாள். வேலை முடிந்த ஆட்கள் கை கழுவிவிட்டுச் சுற்றி நின்றார்கள். மேஸ்திரி குண்டை நகர்த்தினார், நகர்த்தினார், நகர்த்திக்கொண்டே போனார். வேண்டுமென்றே மெதுவாக.

"எண்பத்தேழு! ஒண்ணே முக்கா மூட்ட!"

ஒருத்தன் கத்தினான்: "மேஸ்திரி, எந்த லோடுல எறக்குனது?"

"நெய்வேலி லோடுடா!" கம்பெனிக்கு மண் அங்கிருந்துதான் வரும்.

அப்பாவும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் அவரைச் சொல்வார்கள் என்று பயம். அம்மா பலகையிலிருந்து இறங்கினாள். பாதத்தின் வெள்ளைத் தடம் இரும்பில் இருந்தது. அதன்மேல் அடுத்த மூட்டையை வைத்தார்கள்.

அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்கம்மா இங்க இருக்கணுமா, சேத்தியாத்தோப்பு போவணுமா?"

"இங்க."

"அப்ப அவ என்ன தின்னுறான்னு பாத்து தெனம் எங்கிட்ட சொல்லு. எத்தினி தின்னுறான்னு எண்ணி சொல்லு. நீ சொன்னாதான் நாங்க கொறைக்க முடியும். சொல்லலன்னா அவ போயிடுவா. அப்புறம் அம்மா அம்மான்னு அழுவாத."

பேக்கிங்கில் கழித்த பொம்மைகள் அவளிடம் இருந்தன. காது உடைந்த யானை. பூச்சு கொப்பளித்த மயில். சொன்ன நாளைக்கு ஒரு பொம்மை.

நான் சொன்னேன். அம்மா இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். முதல் நாள் அப்படித்தான். மூன்றாவது பொம்மைக்குப் பிறகு பொம்மைக்காகவும் சொன்னேன். "மூணு பன்னு. ஒரு கை கடலை. வெல்லம் ரெண்டு கட்டி." அத்தை தலையாட்டுவாள். ராத்திரிச் சோற்றை அளந்து குறைப்பாள். அரிசிப் பானைமேல் அம்மிக் குழவியை வைத்தாள். அம்மாவால் தூக்க முடியாது என்று இல்லை. தூக்கினால் சத்தம் கேட்கும்.

என்ன தின்றாள், எத்தனை தின்றாள் என்று மட்டும்தான் அத்தை கேட்டாள். இடது கை மடியைத் தட்டிக்கொண்டே இருப்பதை நான் தினமும் பார்த்தேன். அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவில்லை.

சித்திரை வெயில். கத்திரி. அந்த நாளில் சூளை வாசலில் அம்மா. வியர்வையில் சேலை உடம்போடு ஒட்டியிருக்கும். சூளைச் செங்கலின் சிவப்பு முழுக்க அவள் முகத்தில் தெரியும். ஒரு நாள் மயங்கி விழுந்தாள். முழங்கை சூளை இரும்பில் பட்டுப் பொசுங்கியது. "வேஷம்" என்றாள் அத்தை. அப்பா தண்ணீர் தெளித்தார். எழுந்ததும் மறுபடி நிற்கச் சொன்னார். முகத்தில் கோபம் இல்லை. அக்கறை இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். நல்லது செய்கிறோம் என்று நினைத்தே எல்லாரும் செய்தார்கள்.

ஒரு நாள் அத்தை எனக்குத் தவழுகிற பிள்ளைப் பொம்மை கொடுத்தாள். ஒரு பழுதும் தெரியாது. அடியில் மட்டும் ஒரு கீறல். நான் பாயில் வைத்து விளையாடினேன். அம்மா பார்த்துவிட்டாள். கையில் எடுத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினாள். சரியாகச் சீவாத கோடு இருந்தது.

"ஏது பாப்பா?"

"அத்த குடுத்துச்சு."

"எதுக்கு?"

மூலையில் ஐந்து பொம்மைகள் வரிசையாக இருந்தன. அம்மா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பொம்மையைத் திரும்ப என் கையில் வைத்தாள்.

"ஒடைச்சிடாத."

அடுத்த நாளிலிருந்து அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பன் வாங்கிவரச் சொல்லவில்லை. தட்டில் போட்ட சோற்றையும் வழித்து நாய்க்கு வைத்தாள். சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பொம்மையும் இல்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு பன்னுன்னு சொல்லு."

"நீ திங்கலயே?"

"சொல்லு. பொம்ம குடுப்பாங்க."

நான் போய்ச் சொன்னேன். அன்று அத்தை அப்பாவிடம் சொல்லி, சூளை வாசலில் ஒரு மணி நேரத்தை இரண்டு மணி நேரம் ஆக்கினாள். எனக்கு ஒரு கிளி கிடைத்தது.

அம்மாவே தினமும் சொல்லிக் கொடுத்தாள். "இன்னிக்கு கடலன்னு சொல்லு." "இன்னிக்கு பழைய சோறுன்னு சொல்லு." நான் சொல்லச் சொல்ல அம்மா அனலில் நின்ற நேரம் கூடியது. அது எனக்குத் தெரியும். பத்து வயது. இரண்டும் இரண்டும் நாலு என்று தெரிகிற வயது. தெரிந்துதான் சொன்னேன். குழந்தைதானே என்று யாரும் என்னை மன்னிக்க வேண்டாம்.

கழித்த பொம்மை எல்லா நாளும் கிடைக்காது. அப்படியும் பதினொரு பொம்மை சேர்ந்தது.

எடை இறங்கியது. எண்பது. எழுபத்தாறு. எழுபத்து மூன்று. கன்னம் உள்ளே போனது. மேஸ்திரியே ஆச்சரியப்பட்டார். பெண்கள் வந்து அம்மாவிடம் கேட்டார்கள்: "எப்பிடிக்கா? எங்களுக்கும் சொல்லேன்." அம்மா பதில் சொல்வதில்லை. அப்போது அவள் யாருக்குமே பதில் சொல்வதில்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பாள். நிற்கச் சொன்னால் நிற்பாள். ரயில் போகிற சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் திருப்புவாள். இடது கை தட்டுவதும் நின்றுவிட்டது.

தின்றுகொண்டிருந்தபோது அவள் உயிரோடாவது இருந்தாள். இப்போதுதான் உண்மையில் மோசமாக இருந்தாள். இப்போதுதான் எல்லாரும் நல்லாயிட்டா, நல்லாயிட்டா என்றார்கள்.

ஆனி கடைசி சனிக்கிழமை. அம்மா பலகையில் ஏறினாள். மேஸ்திரி குண்டை நகர்த்தினார். இந்தத் தடவை விளையாடவில்லை.

"அறுபத்தொம்போதர!"

கை தட்டினார்கள். அப்பா சுற்றி எல்லாரையும் பார்த்தார். "சொன்னேன்ல? சூளைக்காரன் சொன்னா சொன்னதுதான்." அத்தை வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினாள். நெய் ஊற்றி, முந்திரி போட்டு. இளைத்ததற்குக் கேசரி. அம்மிக் குழவியை அவளே பானையிலிருந்து இறக்கினாள். அம்மா கையில் ஒரு கிண்ணம் கொடுத்து, "இன்னிக்கு ஒரு நாளு தின்னுக்கோ" என்றாள். கிண்ணம் காலை வரை அப்படியே இருந்தது. எறும்பு மொய்த்தது.

மறுநாள் காலை, அப்பா சூளைக்குப் போன பிறகு, அத்தை தண்ணீர் பிடிக்கப் போன நேரம். அம்மா தலை வாரிக்கொண்டாள். பையில் இரண்டு சேலை. அந்தப் பழைய மடித்த சேலை ஒன்று. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மாமா வூட்டுக்கு போறேன். அம்மா கூட வரியா பாப்பா?"

நான் திரும்பி மூலையைப் பார்த்தேன்.

"பொம்மையெல்லாம் எப்பிடிம்மா எடுத்தாறது?"

அம்மாவும் மூலையைப் பார்த்தாள்.

"ஆமால்ல" என்றாள்.

பிறகு, "வாய கொப்புளிச்சிட்டு சாப்புடு" என்றாள். போய்விட்டாள். அம்மா எங்களோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே எல்லாம். எழுபதுக்குக் கீழே வந்தாயிற்று. யாரும் அவளை அனுப்பவில்லை. அவளே போனாள். "ஒடம்புல இருந்த கொழுப்பு தலைக்கு ஏறிடுச்சு" என்றாள் அத்தை. அப்பா இரண்டு முறை போய்க் கூப்பிட்டார். அம்மா வரவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி பேக்கிங்கில் உட்கார வைத்தார்கள்.

பொம்மைகளை ஒரு சாக்கில் போட்டு, கம்பெனிக்குப் பின்னால் உடைசல் கொட்டுகிற மேட்டுக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக எறிந்தேன். மூன்று உடையவில்லை. கல்லை எடுத்து உடைத்தேன். தவழுகிற பிள்ளையை மட்டும் முடியவில்லை. சாக்கில் சுற்றி அங்கேயே தோண்டிப் புதைத்தேன். இப்போது அந்த மேட்டைத் தட்டி டயர் கடை வைத்திருக்கிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து மாமா வந்து என்னைச் சேத்தியாத்தோப்புக்குக் கூட்டிப் போனார். வெள்ளாற்றங்கரையில் நடவு. சேற்றில் குனிந்து நின்ற பெண்களில் அம்மாவைத் தேடினேன். சிரிப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மா. மறுபடி பெருத்திருந்தாள். கை இரண்டும் திரண்டிருந்தன. பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேலி செய்ய, நாற்றுக் கட்டால் அவளை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

என்ன வைத்தியம் நடந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வந்த அன்று மாமாவின் மனைவி சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்டாளாம்: "புள்ள யாரு சாயலும்மா?" அம்மா சொன்னாளாம்: "பாக்க வுடலயே." அதன் பிறகு மூன்று நாள் அழுகை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் மனசுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் சாப்பிட்டாள். செத்த பிள்ளைக்குப் பெயரும் வைத்திருந்தாள். என்னிடம் சொன்னாள். இங்கே எழுத மாட்டேன்.

என்னிடம் அவள் ஒரு நாளும் பொம்மை பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. செத்துப்போனாள்.

அப்பா ஒரு முறை தேர்க் கூட்டத்தில் தூரத்தில் அவளைப் பார்த்தார். "பாத்தியா, பழையபடி ஊதிட்டா. ரெண்டு மாசம் சும்மா இருந்தா இதான்" என்றார். அவர் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அவரும் போய்விட்டார், அத்தையும் போய்விட்டாள். திட்டுவதற்குக்கூட ஒருவரும் இல்லை.

சாப்பாட்டில் கட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கே சர்க்கரை. இனிப்பைத் தொடுவதில்லை. காலையில் ரயிலடி வரை நடக்கிறேன். உடம்பு கனத்தால் மூட்டு போகும், தெரியும். ஆனால் ஒருத்தி ஏன் தின்கிறாள் என்று கேட்காமல் எவ்வளவு தின்கிறாள் என்று எண்ணுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. எண்ணியவள் நான்.

அன்று ஆஸ்பத்திரியில் நர்சுப் பெண் மூன்றாம் முறை சொன்னாள்.

"ஆயா, ஏறப் போறியா இல்லியா?"

"ஏற மாட்டேன். வேற ஏதாவது கேளு."

"வேற என்ன கேக்குறது?" கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

நான் பின்னால் திரும்பினேன். அந்தப் பெண்ணைக் காட்டினேன்.

"தூங்குறியான்னு கேளு. ஸ்கூல்ல எவனாவது என்னா சொன்னான்னு கேளு. யாரு செத்தாங்கன்னு கேளு."

அவள் அம்மா என்னை முறைத்தாள். "உனக்கு எதுக்கு ஆயா எங்க வூட்டுக் கத?" என்று பெண்ணின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "ஏறுடி."

பெண் ஏறவில்லை. துப்பட்டாவைப் பிடித்த கை தளர்ந்தது. முதல் முறையாகத் தலையைத் தூக்கினாள். அம்மாவைப் பார்க்கவில்லை, நர்சைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

வரிசையை விட்டு நான் நகரவில்லை. பின்னால் சத்தம் போட்டார்கள். போடட்டும் என்று நின்றேன்.